நான்காம் அலைவரிசை

எல்லைச் சாவடிக்கு இன்னும் பதினெட்டுக் கிலோமீட்டர்.
வரிசை இன்று நகர்ந்தது
ஒரு லாரி நீளம்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அணைத்தால் டீசல் உறைந்துவிடும்;
அதனால் கோபிப் பாலை முழுக்க
உறுமிக்கொண்டே தூங்குகிறது.
முதுகில் நிலக்கரி, மூக்கில் நிலக்கரி,
உப்புத் தேநீரிலும் ஒரு சிட்டிகை.

இரவு ஒன்பது அடித்ததும்
வாக்கிடாக்கியில் நான்காம் அலைவரிசை.
செவெல்மாதான் தொடங்குவாள்:
"சொல்லுங்கப்பா, யார் கையில் என்ன புத்தகம்?"

தாஷ்ஞாம் கடலைப் பற்றிப் படிக்கிறான்.
கடலை அவன் கண்டதில்லை.
நாற்பதாம் பக்கத்திலிருந்து குமட்டுகிறதாம்,
அப்படியானால் நல்ல புத்தகம்தான் என்கிறான்.
சோய்ஜிலிடம் ஆட்டு நோய்க் கையேடு.
ஒவ்வொரு நோய்க்கும் ஓர் ஆடு வருகிறதாம்,
"பெரும்பாலும் பிழைப்பதில்லை,
ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை."

செவெல்மா தன் குண்டு நாவலை
டயர்க் கத்தியால் மூன்றாய்ப் பிளந்து
மூன்று வண்டிக்குக் கொடுத்திருந்தாள்.
முடிவு கிடைத்தவன்
இரண்டு நாளாய் யாரோடும் பேசவில்லை.

என் முறை வந்தது.
என்னிடம் இருந்தவை
ஒரு சுங்கப் படிவம், டயர் உத்தரவாத அட்டை.

"ஒரு பெண்," என்றேன்.
"தேனீ வளர்க்கிறாள்."
தேனீ ஏன் வந்தது, தெரியாது.
அந்தக் குளிரில் ஏதாவது பறக்க வேண்டியிருந்தது.

"தலைப்பு?"
"அட்டை கிழிந்துவிட்டது."
"எழுதியது யார்?"
"அதுவும் அட்டையோடு போயிற்று."

மறுநாள் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான்,
அதற்கு மறுநாள் அவனுக்குக் கடன்,
பிறகு ஒற்றைக்கண் குதிரை ஒன்று.
அண்டப் புளுகு, ஆகாசப் புளுகு.
பகலெல்லாம் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து
இரவுக்குப் பக்கம் தேடினேன்.

ஐந்தாம் இரவு
வரிசையின் வாலிலிருந்து, கேட்டறியாத ஒரு குரல்:
"அதை நானும் படித்திருக்கிறேன்.
கிணறு வற்றுகிற இடம் வருமே,
அங்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான்
மேலே படித்தேன்."

பொத்தான்மேல் என் விரல் நின்றது.
என் புத்தகத்தில் கிணறே இல்லை.
பாம்பின் கால் பாம்பறியும்;
ஆனால் அந்தக் குரலில்
புளுகின் அவசரம் இல்லை.

"உனக்கு இன்னும் கிணறு வரவில்லையா?"
செவெல்மா கேட்டாள்.
"அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை," என்றேன்.

அன்றிரவு கையுறையோடு,
சுங்கப் படிவத்தின் பின்பக்கத்தில்
கிணறு வெட்டினேன்.
எட்டாள் ஆழம்.
கல் எங்கிருந்து வந்தது, கயிறு யார் திரித்தது,
வாளி தரைதட்டிய சத்தத்தைத்
தேன் எடுத்துக்கொண்டிருந்தவள்
எப்படிக் கேட்டாள்.
மூன்று முறை அடித்து எழுதினேன்.
பேனா மை உறைந்தபோது
வாயில் வைத்துச் சூடாக்கினேன்.

மறுநாள் ஒன்பதுக்குச் சொன்னேன்.
முடித்தபின் வெறும் எஞ்சின் சத்தம்.
கொஞ்சம் கழித்து வாலிலிருந்து ஒரு கனைப்பு:
"ஆமாம். இதேதான்."
பிறகு,
"ஆழம் மட்டும் இன்னும் கூடுதல் என்று ஞாபகம்."

எட்டை அடித்துப் பதினொன்று என்று எழுதினேன்.

சாவடிக்குப் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டாம் நாள்.
அந்தக் குரலின் வண்டி எது என்று
கடைசிவரை தெரியவில்லை.
கண்ணாடிக் கூண்டுக்குள் அதிகாரி
படிவத்தைத் திருப்பினார்.
"என்ன இது?"
"இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகம், ஐயா."

முத்திரையைக் கையில் தூக்கியவர்
தூக்கியபடியே நின்றார்.
கண்கள் வரி வரியாய் இறங்கின.
எனக்குப் பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடித்தது.
அவர் இன்னும்
ஆறாள் ஆழத்தில்தான் இருந்தார்.